பீக்கன் இல்லாமல் நட் பை

கேள்வி: பொங்கலுக்கு அமெரிக்காவிலிருந்து அண்ணன் குடும்பம் வருகிறது. பிள்ளைகள் 'பீக்கன் பை' கேட்கிறார்கள். பீக்கன் பருப்பு இங்கே கிடைக்கவில்லையே?
- வாசகி, நாமக்கல்

பதில்: பீக்கன் வேண்டாம், நிலக்கடலை போதும். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் அதிலேயே பை செய்கிறார்கள். முட்டைக்கு உங்கள் ஊரில் பஞ்சமா? வெல்லத்துக்குப் பிலிக்கல்பாளையம் இருக்கிறது.

150 கிராம் மைதாவில் 75 கிராம் குளிர்ந்த வெண்ணெயை உதிர்த்து, இரண்டு மூன்று ஸ்பூன் ஐஸ் தண்ணீர் விட்டுத் திரட்டுங்கள். பிசையாதீர்கள், ஓடு கெட்டியாகிவிடும். அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து, தேய்த்து, 8 அங்குலத் தட்டில் பரப்பி, முள்கரண்டியால் குத்தி, 15 நிமிடம் வெறுமனே சுட்டெடுங்கள்.

200 கிராம் வெல்லத்தைக் கால் டம்ளர் நீரில் கரைத்து வடிகட்டுங்கள். கடலை மிட்டாய்க்குப் போலப் பாகு பதம் தேவையில்லை. நன்றாக ஆறிய பிறகே அடித்த 3 முட்டையைச் சேர்க்க வேண்டும். சூட்டில் ஊற்றினால் முட்டைப் பொரியல்தான். 50 கிராம் உருக்கிய வெண்ணெய், ஒரு சிட்டிகை உப்பு, வறுத்துத் தோல் நீக்கிய கடலை 150 கிராம். ஏலக்காய் உங்கள் இஷ்டம். நான் சுக்குத்தான் போடுவேன்.

எல்லாவற்றையும் கலந்து, சுட்ட ஓட்டில் ஊற்றி, 170 டிகிரியில் சுமார் 45 நிமிடம் சுடுங்கள். நடுவில் லேசாகத் தளும்பும்போதே எடுத்துவிடுங்கள், ஆற ஆற இறுகும். சூடாக வெட்டினால் ஒழுகும். போகிப் பண்டிகையன்றே செய்து வைத்துவிடுங்கள்.