பழைய ஜீப் பிக்-அப்பை வீட்டிலேயே புதுப்பித்தல்

தாண்டிக்குடி, பண்ணைக்காடு போன்ற கீழ்ப்பழனி மலை ஊர்களில் காப்பி, மிளகு, மலைவாழை பயிரிடும் சிறு விவசாயிகளுக்கு, விளைவிப்பதைவிட விளைந்ததைத் தார்ச்சாலை வரை கொண்டு சேர்ப்பதே பெரும்பாடு. கொல்லிமலையிலும் ஏற்காட்டிலும் இதே நிலைதான். மழை பெய்துவிட்டால் மண்பாதையில் சாதாரண வேன் ஏறாது. நான்கு சக்கரங்களும் இழுக்கும் ஜீப் வகைப் பிக்-அப் இருந்தால் சுமைகூலி வெகுவாகக் குறையும். ஆனால் புது வண்டியின் விலை இரண்டு, மூன்று ஏக்கர்காரருக்கு எட்டாது. எனவே பலர் 20, 30 ஆண்டுகள் ஓடிய பழைய வண்டி ஒன்றை வாங்கி, வீட்டு முற்றத்திலேயே பழுது பார்த்துக்கொள்ள முற்படுகின்றனர்.

இது செய்யக்கூடிய வேலைதான். வில்லீஸ் ஜீப்பின் அமைப்பையே பின்னர் வந்த மகிந்திரா ஜீப்புகளும் நெடுங்காலம் பின்பற்றின. ஏணி போன்ற இரும்புச் சேஸிஸ், அதன் கீழே பட்டை ஸ்பிரிங், முன்னும் பின்னும் முழு ஆக்ஸில், டிரம் பிரேக் என எல்லாமே கண்ணுக்குத் தெரியும்படி அமைந்தவை. பம்புசெட்டைக் கழற்றிப் பூட்டிப் பழகிய விவசாயிக்கு இவற்றில் பெரும்பகுதி விளங்கிவிடும்.

தவறு நேர்வது வேலையின் வரிசையில். வண்டி வந்ததும் முதலில் எஞ்சின் இறக்கப்படுகிறது. கையிலுள்ள பணத்தில் பெரும்பகுதி அதற்கும், மீதி பெயிண்டுக்கும் போய்விடுகிறது. பிரேக்குக்கு வரும்போது பணம் இருப்பதில்லை. 'இப்போதைக்கு ஓடட்டும்' என்று விட்டுவிடுகிறார்கள். வாழைத்தார் ஏற்றிக்கொண்டு கொண்டை ஊசி வளைவில் இறங்கும்போது எஞ்சின் நின்றால் அரை நாள் வீணாகும். பிரேக் நின்றால் ஆளே மிஞ்சுவது சந்தேகம். ஆகவே சேஸிஸ், பிரேக், ஸ்டியரிங், எஞ்சின் என்ற வரிசையிலேயே பணத்தை ஒதுக்க வேண்டும். பெயிண்ட் எல்லாவற்றுக்கும் கடைசி.

வாங்குமுன்

பதிவுப் புத்தகத்திலுள்ள சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியில் பொறித்துள்ள எண்களோடு ஒத்திருக்க வேண்டும். பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு டீசல் எஞ்சின் பொருத்திய பழைய ஜீப்புகள் ஏராளம். அந்த மாற்றம் புத்தகத்தில் ஏறாவிட்டால், 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி அது குற்றம்; தகுதிச் சான்றும் கிடைக்காது. பழைய வண்டிகளுக்கான பதிவுப் புதுப்பிப்பு, தகுதிச் சான்றுக் கட்டணங்கள் 2022 ஏப்ரல் முதல் உயர்ந்துள்ளன. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் இத்தொகையைக் கேட்டறிந்து, விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும்.

சேஸிஸ் சோதனை

உர மூட்டை ஏற்றாத தோட்டத்துப் பிக்-அப் இருக்க முடியாது. மியூரியேட் ஆஃப் பொட்டாஷ் ஒரு குளோரைடு உப்பு. அதுவும் அம்மோனியம் சல்பேட்டும் காற்றின் ஈரத்தோடு சேர்ந்தால் இரும்பை அரிக்கும். மூட்டையிலிருந்து சிந்தியது தளப் பலகையின் இடுக்கு வழியாக இறங்கிச் சேஸிஸ் மேல் தங்கி, அங்கே சேறும் படிந்துவிட்டால் துரு உள்ளுக்குள்ளேயே வளரும். மேலே பூசிய கறுப்புப் பெயிண்ட் இதை மறைத்துவிடும்.

சிறு சுத்தியால் சேஸிஸ் நெடுகத் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும்; அரித்த இடம் மந்தமாக ஒலிக்கும். அங்கே பழைய திருப்புளியால் அழுத்திக் குத்தினால் உள்ளே இறங்கும். ஸ்பிரிங் தாங்கிகள் பொருந்தும் இடம், குறுக்குச் சட்டம் சேரும் மூலைகள், பின்தளத்தின் அடிப்பாகம் ஆகியவற்றை அவசியம் பார்க்க வேண்டும். பிறகு, வீட்டுக்குக் கடைக்கால் போடும்போது மூலைக்கு மூலை கயிறு பிடித்துப் பார்ப்பதுபோல, இடது முன் ஸ்பிரிங் போல்ட்டிலிருந்து வலது பின் போல்ட் வரையிலும், வலது முன்னிலிருந்து இடது பின் வரையிலும் அளக்க வேண்டும். இரண்டு அளவும் கணிசமாக வேறுபட்டால் சேஸிஸ் கோணியிருக்கிறது என்று பொருள். ஸ்பிரிங் தாங்கி அருகே ஓட்டை விழுந்த வண்டியையும், கோணிய சேஸிஸ் உள்ள வண்டியையும் என்ன விலை குறைத்தாலும் வாங்கக் கூடாது. எஞ்சின் கெட்டிருப்பது இதைவிடச் சிறிய குறை.

மேல்துரு மட்டும் இருந்தால் கம்பி பிரஷால் உலோகம் பளிச்சிடும் வரை தேய்த்து, பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருநீக்கி பூசிக் காயவைத்து, ரெட் ஆக்சைடு இரண்டு பூச்சு தரலாம். சிறு ஓட்டைகளுக்குப் பட்டறையில் தகடு வைத்துப் பற்ற வைக்கலாம். பற்றவைக்குமுன் பாட்டரி இணைப்பைக் கழற்றி, டீசல் டாங்கையும் இறக்கித் தூர வைக்க வேண்டும். டாங்க் காலியாக இருக்கிறது என்று எண்ணி அதையே பற்றவைப்பது உயிருக்கு ஆபத்து. உள்ளே தங்கியுள்ள ஆவி வெடிக்கும்.

பிரேக்

வண்டியைத் தூக்குமுன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பழைய ஜீப்புகள் பலவற்றில் கைபிரேக் சக்கரத்தில் இல்லை. டிரான்ஸ்ஃபர் கியர் பெட்டியின் பின்புறம், புரொப்பெல்லர் ஷாஃப்ட் தொடங்கும் இடத்தில் இருக்கிறது. அது ஷாஃப்ட் வழியாகத்தான் பின்சக்கரங்களைப் பிடிக்கிறது. ஒரு பின்சக்கரத்தை ஜாக்கியால் தூக்கியதும், தரையிலுள்ள மறுசக்கரம் பிடி விட்டு உருளத் தொடங்கும். கைபிரேக்கை நம்பி வண்டிக்கு அடியில் படுத்தால் என்னாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. தரையிலிருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, சேஸிஸின் அடியில் கெட்டியான மரக்கட்டைகளை அடுக்கிய பிறகே கீழே நுழைய வேண்டும். ஹாலோ பிளாக் கல் திடீரென நொறுங்கும். அது இதற்கு உதவாது.

பழைய வண்டிகளின் மாஸ்டர் சிலிண்டரில் பெரும்பாலும் ஒரே அறைதான் உண்டு. எங்கேனும் ஒரு குழாய் கசிந்தால் நான்கு சக்கரப் பிரேக்கும் ஒருசேரப் போய்விடும். ஆகவே கசியும் ஒன்றை மட்டும் மாற்றுவது சிக்கனமாகாது. மாஸ்டர் சிலிண்டர், நான்கு சக்கரங்களின் வீல் சிலிண்டர் ரப்பர்கள், ரப்பர் ஹோஸ்கள் அனைத்தையும் ஒரே முறையில் மாற்றிவிட வேண்டும். ஹோஸ் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே ஊதி அடைத்திருக்கலாம். அப்போது பெடலை விட்ட பின்பும் ஒரு சக்கரம் மட்டும் விடாமல் பிடித்துச் சூடாகும். துருப்பிடித்த இரும்புக் குழாய்க்குப் பதில் செம்புக் குழாய் போடுவது சில இடங்களில் வழக்கம். அதிர்வில் அது வெடிப்பு விடும். பிரேக்குக்கென்றே விற்கும் இரும்புக் குழாயைத்தான் போட வேண்டும்.

டிரம்மைக் கழற்றியதும் தூசியை வாயாலோ காற்றுப் பம்பாலோ ஊதக் கூடாது. பழைய லைனிங்கில் கல்நார் கலந்திருக்கக்கூடும். அது நுரையீரலுக்குக் கேடு. தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, துணியைப் புதைத்துவிட வேண்டும். ரிவெட் தலை தொடும் அளவுக்குத் தேய்ந்த லைனிங்கையும், எண்ணெய் ஊறிய லைனிங்கையும் மாற்ற வேண்டும். எண்ணெய் ஊறியிருந்தால் ஆக்ஸில் ஆயில் சீலும் போயிருக்கும். அதை மாற்றாமல் லைனிங்கை மட்டும் மாற்றினால் மீண்டும் நனைந்துவிடும்.

பிரேக் ஆயிலுக்குப் பதிலாக எஞ்சின் ஆயிலோ வேறு எண்ணெயோ ஒரு சொட்டுக்கூடச் சேரலாகாது, ரப்பர்கள் ஊதிவிடும். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். மலையிறக்கத்தில் டிரம் சூடேறும்போது அந்த ஈரம் ஆவியாகி, பெடல் மிதித்தும் பிடிக்காமல் போகும். திறந்து வைத்த டப்பாவை மறு ஆண்டுக்கு வைத்திருக்க வேண்டாம். காற்றை வெளியேற்றும்போது மாஸ்டர் சிலிண்டருக்குத் தொலைவிலுள்ள சக்கரத்தில் தொடங்கி அருகிலுள்ளதில் முடிக்க வேண்டும். வலப்புற ஸ்டியரிங் ஜீப்புகளில் இடது பின், வலது பின், இடது முன், வலது முன் என்ற வரிசை பொதுவாகப் பொருந்தும்.

மற்றவை

முன் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைத்தால் ஆட்டம் தெரிகிறதா என்று பார்த்து, கிங் பின் பேரிங்கையும் ஸ்டியரிங் பால் ஜாயிண்டுகளையும் மாற்ற வேண்டும். புரொப்பெல்லர் ஷாஃப்ட் கிராஸ்களுக்குக் கிரீஸ் அடிப்பது அரைமணி வேலை. டயர்கள் நான்கும் ஒரே அளவாக இருக்க வேண்டும். நான்கு சக்கர இயக்கத்தை ஈரமான மண்பாதையில் மட்டும் போட வேண்டும்; தார்ச்சாலையில் போட்டால் முன் ஆக்ஸிலும் பின் ஆக்ஸிலும் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு கியர்கள் சேதமாகும்.

நெடுநாள் நின்ற டீசல் எஞ்சினைச் செல்ஃப் போட்டுச் சுற்றக் கூடாது. நாசில்களைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் சிறிது எஞ்சின் ஆயில் விட்டு, ஒரு நாள் ஊறவிட்டுக் கையால் திருப்ப வேண்டும். இலகுவாகச் சுற்றினால் எஞ்சினை இறக்காமலே ஆயில், டீசல் ஃபில்டர், தண்ணீர்க் குழாய்களை மாற்றி ஓட்டிப் பார்க்கலாம். ஆயில் பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துள்ளது. ஹெட் கேஸ்கட்டைப் பார்க்க வேண்டும். டீசல் பம்பையும் நாசில்களையும் வீட்டில் பிரிக்காமல் பம்புப் பட்டறையில் கொடுப்பது நல்லது.

கழற்றும் போல்ட்டுகளைப் பகுதிவாரியாகக் கொட்டாங்கச்சிகளில் போட்டு, சீட்டெழுதி வைத்தால் பூட்டும்போது தேட வேண்டியிராது. காப்பிப் பழம் பறிப்பு முடிந்த பின் மார்ச்சில் தொடங்கினால், அடுத்த பறிப்புக்குள் ஓய்வு நேரத்திலேயே வேலையை முடித்துவிடலாம்.

முதல் ஓட்டம் சமதரையில், சுமையின்றி இருக்க வேண்டும். பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்தால் மெல்லக் கீழே இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இறங்கினால் எங்கோ கசிகிறது. பிறகு அரைச் சுமையுடன் சிறு இறக்கத்தில் கீழ்க் கியரில் ஓட்டலாம். பின்தளத்தில் ஆட்களை ஏற்றக் கூடாது. சுமார் 200 கிலோமீட்டர் ஓடியதும் ஸ்பிரிங் யூ போல்ட்டுகளை மறுபடியும் இறுக்கி, நான்கு டிரம்களையும் ஒருமுறை திறந்து, வீல் சிலிண்டர்களைச் சுற்றி ஈரம் கசிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.