கமாவில் கோட்டை விடும் மகள்

கேள்வி: பதினோராம் வகுப்புப் படிக்கும் என் மகள், அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. பயிற்சித் தேர்வுகளில் ஆங்கில இலக்கணத்தில் கோட்டை விடுகிறாள். என்ன செய்வது?
– ஒரு வாசகி, சென்னை

பதில்: இலக்கணப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து உருப்போட வைக்காதீர்கள். தேர்வில் யாரும் விதியை ஒப்பிக்கச் சொல்வதில்லை. தப்பான கேள்விகளை மட்டும் நோட்டில் எழுதி, பக்கத்திலேயே காரணத்தையும் எழுதட்டும். பெரும்பாலும் கமாதான் காலை வாரும். இரண்டு முழு வாக்கியங்களை வெறும் கமாவால் ஒட்டக் கூடாது. முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ வேண்டும். நான்கு விடைகளில் இவ்விரண்டும் வேறு மாற்றமின்றி வந்தால், இரண்டையுமே அடித்துவிடலாம். சரியான விடை ஒன்றுதானே! 'ஹவெவர்', 'தேர்ஃபோர்' கேள்விகளில், முன்பின் வாக்கியங்கள் ஒத்துப்போகின்றனவா, முரண்படுகின்றனவா என்று முதலில் பார்க்கட்டும். கான் அகாடமி இணையதளத்தில் பயிற்சி இலவசம். கோச்சிங்குக்குப் பணம் கட்டுவதை அப்புறம் யோசிக்கலாம். எஸ்.ஏ.டி.யில் தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. எதையும் விடாமல் குறிக்கச் சொல்லுங்கள்.