சைலன்சரை மாற்றுமுன்

அன்புள்ள தம்பிக்கு,

செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கும் 1.2 லிட்டர் பெட்ரோல் காருக்கு எந்த எக்ஸாஸ்ட் போட்டால் சத்தமும் கூடும், பிக்-அப்பும் கூடும் என்று கேட்டிருந்தாய். ஒன்று கூடினால் மற்றதும் கூடும் என்ற நம்பிக்கை உன் கேள்விக்குள் இருக்கிறது. பட்டறைக்காரர்கள் பிழைப்பதே இந்த நம்பிக்கையால்தான். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார். புகைக்குழாயிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நின்றால் 100 டெசிபல் கேட்கிறது என்று வைத்துக்கொள். அரைக்கோளமாகப் பரவும் அந்தச் சத்தத்தின் மொத்த ஆற்றல் ஒரு வாட்டில் ஏறக்குறைய பதினாறில் ஒரு பங்கு. அதை 110 டெசிபலுக்கு ஏற்றினால் காதுக்கு இரு மடங்காகக் கேட்கும். ஆற்றலோ அப்போதும் ஒரு வாட்டைத் தொடாது. ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட். உன் எஞ்சின் தருவது எண்பது சொச்சம் குதிரைத்திறன். அதில் ஒன்று கூடியதா குறைந்ததா என்பதைச் சத்தம் ஒருபோதும் சொல்லாது. ஆனால் சத்தம் கூடியதும் வண்டி பறப்பதாக மனசு நம்பிவிடும்.

"சைலன்சர் புகையை அடைக்கிறது, அடைப்பை எடுத்தால் எஞ்சின் விடுபடும், இது பொய்யா?" என்று நீ கேட்பாய். பொய்யில்லை, பாதி உண்மை. புகைப்பாதையை அடைத்தால் எஞ்சின் தளரும் என்பதற்கு நம் மாவட்டத்திலேயே சாட்சி இருக்கிறது. தொப்பூர் கணவாயில் சேலம் பக்கம் இறங்கும் கனரக லாரிகளின் புகைக்குழாயில் ஒரு தட்டு வால்வு இருக்கும். எக்ஸாஸ்ட் பிரேக் என்பது அதுதான். டிரைவர் அதை மூடினால் வெளியேற வழியில்லாத காற்று பிஸ்டனை எதிர்த்துத் தள்ளும். கியரில் இருக்கும் வண்டி சக்கர பிரேக்கைத் தொடாமலே மட்டுப்படும். டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்குகிறவருக்கு இந்த உதவி கிடையாது. ஆகவே "எஞ்சினுக்குக் கொஞ்சம் பேக் பிரஷர் வேண்டும்" என்று யாராவது சொன்னால் நம்பாதே. எதிரழுத்தத்தால் எஞ்சினுக்கு ஒரு நன்மையும் இல்லை. எஞ்சினுக்கு வேண்டியது புகையின் ஓட்டவேகம். எக்ஸாஸ்ட் வால்வு திறந்ததும் அழுத்தமான ஒரு புகைத் துடிப்பு குழாயில் பாய்கிறது. அதன் பின்னால் அழுத்தம் குறைந்த ஒரு பகுதி உருவாகிறது. குழாயின் நீளமும் அகலமும் பொருந்தியிருந்தால் அந்தக் குறைவழுத்தம் சிலிண்டரில் மிஞ்சிய புகையையும் இழுத்து வெளியேற்றிப் புதுக் காற்றுக்கு இடம் விடும். குழாயை அளவுக்கு மீறி அகலமாக்கினால் புகை மந்தமாகி இந்த இழுப்பு தளர்ந்துவிடும். அதன் விலையைக் கீழ்ச் சுற்றுகளில்தான் கொடுக்க நேரும். நாலு பேரை ஏற்றிக்கொண்டு சேலத்திலிருந்து தொப்பூர் ஏற்றம் ஏறும்போது, முன்பு போதுமாக இருந்த கியர் இப்போது போதாமல் போகும்.

அளவாகவே மாற்றினாலும் கிடைப்பது என்ன? டர்போ இல்லாத சிறிய எஞ்சினில், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குப் பின்னால் உள்ள குழாயையும் சைலன்சரையும் மட்டும் மாற்றினால் இரண்டு மூன்று குதிரைத்திறன் கிடைத்தாலே அதிகம். கம்பெனிக் குழாய் அந்த எஞ்சினின் கொள்ளளவுக்கு ஏற்றதுதான். பெரிய அடைப்பு எதுவும் அங்கே இல்லை. 84 என்பது 87 ஆனது என்றே வைத்துக்கொள்வோம். காற்றின் எதிர்ப்பை வெல்லத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடிப்படி ஏறுவதால், 160-ல் முட்டி நின்ற கார் 162-ல் முட்டும். பிக்-அப்பில் மூன்றரை சதவீதம் கூடலாம். ஓட்டுநரோடு ஆயிரம் கிலோ சொச்சம் வரும் காரில், முன் சீட்டில் உட்கார்ந்து "இன்னும் மிதிடா" என்று சொல்லும் அறுபத்தைந்து கிலோ நண்பரை இறக்கிவிட்டால் அதைவிடக் கூடுதலாகவே பிக்-அப் கிடைக்கும், செலவில்லாமல்.

டர்போ காரில் கதை வேறு. அங்கே டர்பைனுக்குப் பின்னால் அழுத்தம் குறையக் குறைய டர்போ விரைவாகச் சுழலும். டர்பைனிலிருந்து இறங்கும் டவுன்பைப்பை அகலமாக்கி, எஞ்சினை ஆளும் கணினியான ஈசியூவை ரீமேப் செய்தால் உணரும்படியான திறன் உண்மையிலேயே கிடைக்கும். ஆனால் பல கார்களில் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் உட்கார்ந்திருப்பது அந்த டவுன்பைப்பில்தான். பிளாட்டினம், பலேடியம், ரோடியம் பூசிய அந்தத் தேன்கூட்டுக் கட்டி கார்பன் மோனாக்சைடையும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் தீங்கு குறைந்த வாயுக்களாக மாற்றுகிறது. 2020 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள பிஎஸ்-6 விதிகள் நிறைவேறுவது அதை நம்பித்தான். அதைப் பிடுங்கினால் அதன் பின்னாலிருக்கும் ஆக்சிஜன் சென்சார் கண்டுபிடித்து எஞ்சின் விளக்கை எரியவிடும். சென்சாரை ஏமாற்ற ஒரு துண்டுக் குழாய் மாட்டித் தருகிறேன் என்பார்கள். விளக்கு அணையும், புகை அப்படியே இருக்கும். எக்ஸாஸ்ட்டில் மெய்யான வேகம் கிடைக்கும் இடமும், சட்டமும் உடல்நலமும் கைவைக்காதே என்று சொல்லும் இடமும் ஒன்றாகவே இருக்கின்றன.

சட்டத்தையும் சுருக்கமாகத் தெரிந்துகொள். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் கேரள வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் அதை உறுதியாகச் சொன்னது. அதே ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, இத்தகைய ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம். ஒலி, புகை விதிகளை மீறி ஓட்டினால் 190-ஆம் பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதமும், மூன்று மாதம் லைசென்ஸ் இழப்பும் வரலாம். "போலீஸ் பிடிப்பது புல்லட்காரர்களைத்தான், காரை யார் பார்க்கிறார்கள்" என்று உன் நண்பர்கள் சொல்வது இன்றைக்குச் சரியாக இருக்கலாம். விபத்துக்குப் பின் இன்சூரன்ஸ் சர்வேயர் காருக்கு அடியில் குனிந்து பார்ப்பார் என்பதையும் அவர்கள் சொல்ல வேண்டும்.

இரண்டு வாதங்களுக்கு மட்டும் நின்று பதில் சொல்கிறேன். ஒன்று, சத்தமான வண்டி பாதுகாப்பானது என்பது. புகைக்குழாயின் வாய் பின்பக்கம் பார்த்திருக்கிறது; ஆபத்தோ பெரும்பாலும் முன்னால். கண்ணாடியை ஏற்றி ஏசியும் பாட்டும் போட்டிருக்கும் முன்வண்டிக்காரருக்கு உன் முழக்கம் எட்டுவதற்குள் நீ அவர் பக்கத்தில் இருப்பாய். மற்றது, கம்பெனியே ஸ்போர்ட்ஸ் எக்ஸாஸ்ட் விற்கிறதே என்பது. ஆம், ஹூண்டாய் ஐ20 என் லைன் கார் முழக்கத்துக்கென்றே இசைவிக்கப்பட்ட எக்ஸாஸ்ட்டோடு 2021-ல் வந்தது. ஆனால் அது முழு வண்டியாக ஒலிச் சோதனையிலும் புகைச் சோதனையிலும் தேறி வந்தது. அதிலிருந்து நீ கற்க வேண்டியது, நல்ல ஓசைக்கு அளவு மீறிய சத்தம் தேவையில்லை என்பதை.

ஓசையின் மேல் உனக்குள்ள ஆசையை நான் குற்றம் சொல்லவில்லை. எஞ்சினின் குரல் ஒரு தனி இன்பம். குறைந்தபட்சம் அதை அறிந்து தேர்ந்தெடு. நாலு சிலிண்டர் எஞ்சின் 3000 சுற்றில் ஓடும்போது நொடிக்கு 100 துடிப்புகள் வெளியேறும். கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் நூறைத் தொட்டு ஓட்டும்போது உன் எஞ்சின் ஏறக்குறைய அந்தச் சுற்றில்தான் இருக்கும். ரெசொனேட்டரை எடுத்துவிட்டு நேர்குழாய் போட்டவர்கள் அரை மணி நேரத்தில் தலைவலியோடு ஜன்னலை இறக்குவது அந்த 100 ஹெர்ட்ஸ் முனகலால்தான். கண்ணாடிப் பஞ்சு அடைத்த சைலன்சர் கிறீச்சிடும் மேல் ஒலிகளைத் தின்னும். அடித்தொனியை அவ்வளவாகத் தொடாது. அடித்தொனியை அடக்க அறைகளும் ரெசொனேட்டரும் வேண்டும். சுவரைத் துளைத்துப் போவதும் அந்த அடித்தொனிதான். குடியிருப்புப் பகுதிக்கு இரவில் 45 டெசிபல், மருத்துவமனையைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலத்தில் 40 என்று 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வார்டில் படுத்திருப்பவருக்கு உன் குழாய் எந்த பிராண்ட் என்பது தெரியப் போவதில்லை.

வேகம்தான் வேண்டும் என்றால், ஒதுக்கிய பணத்தை டயரிலும் பிரேக்கிலும் போடு. இது உபதேசத்துக்காகச் சொல்வதில்லை. வளைவில் எவ்வளவு வேகம் தாங்கும், எவ்வளவு தாமதமாக பிரேக் மிதிக்கலாம் என்பதைத் தீர்மானிப்பவை அவைதான். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட்-4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155-க்கு இறங்கிவிடும். தொப்பூர் இறக்கத்தில் தொடர்ந்து மிதித்தால் வரும் சூட்டில் பழைய ஆயில் குமிழ் விட்டு பெடல் உள்ளே போகும். 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் அங்கே லாரி மோதி அடுத்தடுத்து வண்டிகள் நொறுங்கியதை நீயும் செய்தியில் பார்த்திருப்பாய். அந்த இறக்கத்தில் உனக்கு முன்னாலும் பின்னாலும் பிரேக்கை நம்பி வரும் முப்பது டன் இருக்கிறது. முழு வேகத்தை உணர ஆசையா? கோவை செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது, சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டைத் தளம் இருக்கிறது.

இத்தனைக்குப் பிறகும் மாற்றத்தான் போகிறாய் என்றால், கன்வர்ட்டரில் கைவைக்காத, கம்பெனி விட்டத்தையே ஒட்டிய, ரெசொனேட்டரோடு வரும் குழாயை மட்டும் பார். அதற்கும் ஆர்டிஓ அலுவலகத்தில் முதலில் கேட்டுக்கொள். வளைவுகள் நசுங்காமல் வளைக்கப்பட்டிருக்கின்றனவா என்று தடவிப் பார். மூட்டுகளில் கசிவு இருந்தால் கார்பன் மோனாக்சைடு வண்டிக்குள் ஏறும், அதற்கு மணமில்லை. திறன் கூடும் என்று பட்டறைக்காரர் சொன்னால், மாற்றுமுன் ஒன்று, மாற்றியபின் ஒன்று, ஒரே நாளில் எடுத்த, திறனை அளந்து காட்டும் டைனோ தாள் இரண்டைக் கேள். கழற்றிய பழைய குழாயை அங்கேயே விட்டுவிட்டு வராதே. "இது இரும்புக்குக்கூடத் தேறாது" என்பார்கள். கன்வர்ட்டரும் அதோடு சேர்ந்து போயிருந்தால், அதில் இருக்கும் பலேடியத்தின் விலை அவர்களுக்குத் தெரியும். எஃப்சி-க்குப் போகும்போது அதே குழாயை நீ மறுபடி மாட்ட வேண்டியிருக்கும்.

அன்புடன்,
உன் அண்ணன்