‘என் காணி, என் துவக்கு’: ஊவா மலையில் உலவும் சில நம்பிக்கைகள்

வெலிமடையில் உருளைக்கிழங்கு போட்டவரைக் கேளுங்கள், பசறையில் லயத்துக்குப் பின்னால் நாலு பாத்தி போஞ்சி நட்டவரைக் கேளுங்கள், பதில் ஒன்றுதான்: ராத்திரியில் பன்றி, பகலில் குரங்கு. மூன்று மாதம் தண்ணீர் சுமந்து ஊற்றிய பாத்தியைப் பன்றி ஒரே இரவில் கிளறிப் போட்டுவிட்டுப் போகும். காலையில் அதன் முன்னால் நிற்கிறவருக்கு ஆத்திரம் வராமல் என்ன செய்யும்? கையில் ஒரு துவக்கு இருந்திருந்தால் என்றுதான் நினைப்பார்.

அந்த ஆத்திரத்துக்கு மேல் இப்போது ஒரு பேச்சும் சேர்ந்திருக்கிறது. இருக்கிற துவக்கு லைசனை ரைபிளுக்கு மாற்றிக்கொள்ளலாமாம், சொந்தக் காணிக்குள் சுடத் தடையே இல்லையாம். லண்டனிலோ கனடாவிலோ இருக்கிற உறவினர் ஒருவர் சொன்னதாகவும் இதில் கலந்திருக்கும். இதை நம்பிச் செயற்பட்டால் போவது பயிர் மட்டுமல்ல. ஆள் மறியலுக்குப் போக நேரும், இல்லையேல் அடுத்த மலையில் கொழுந்து எடுக்கிற ஒருத்தியின் உயிர் போகும். அதனால் ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுவோம்.

“என் காணிக்குள் நான் சுடுவதை யார் கேட்பது?”

சட்டம் கேட்கும். 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துப்பாக்கிக் கட்டளைச் சட்டம்தான் இன்றும் அடிப்படை. 1996இல் வந்த திருத்தம் தண்டனைகளைக் கடுமையாக்கியது. இந்தச் சட்டத்தில் அனுமதிப்பத்திரம் காணிக்குக் கொடுக்கப்படுவதில்லை. இன்ன ஆள், இன்ன துவக்கு, இன்ன தேவை என்று மூன்றையும் பார்த்தே கொடுக்கப்படுகிறது. காணி உறுதி அந்தத் தேவையைக் காட்டும் ஆதாரங்களில் ஒன்று, அவ்வளவுதான். உறுதி கையில் இருக்கிறது என்பதற்காகத் துவக்கு வைத்திருக்கும் உரிமை யாருக்கும் வந்துவிடாது.

கொடுத்ததை அரசு திரும்பக் கேட்கவும் செய்யும். 2024ஆம் ஆண்டின் இறுதியில், தற்பாதுகாப்புக்கென வழங்கப்பட்டிருந்த துப்பாக்கிகளை மீளாய்வு முடியும்வரை ஒப்படைக்கும்படி பாதுகாப்பு அமைச்சு உத்தரவிட்டது. பெரிய இடத்து ஆட்களும் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருந்தது. இந்த நாட்டு அரசுக்குத் துவக்கு விஷயத்தில் இவ்வளவு கவனம் ஏன் என்பதை ஊவாக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. 1971 ஏப்ரல் 5ஆம் திகதி விடிகாலையில் கிளர்ச்சியின் முதல் தாக்குதல் நடந்தது நம் மாகாணத்தில், வெல்லவாய பொலிஸ் நிலையத்தில். கிளர்ச்சிக்காரர் பலரின் கையில் அன்று இருந்தவை வீட்டுத் துவக்குகள்.

“போர 12 லைசன் இருக்கிறது. ரைபிளாக மாற்ற ஒரு கடிதம் போதும்.”

போதாது. பயிர்ப் பாதுகாப்புக்கென மாவட்டச் செயலகத்தின் வழியாக, நம் ஆட்கள் சொல்கிற மாதிரிச் சொன்னால் கச்சேரி வழியாக, கிடைப்பது போர 12 ரகத் துவக்குதான். அதற்கே கிராம சேவகரின் சிபாரிசு, பயிர்ச் சேதத்துக்கான ஆதாரம், பொலிஸ் அறிக்கை என்று பல படிகள். அனுமதிப்பத்திரத்தில் எழுதியிருப்பது அந்த ஒரு துவக்கு, அதன் இலக்கத்தோடு. வேறு ரகம் வேண்டுமென்றால் பழைய பத்திரத்தில் ஒரு வரியைத் திருத்தித் தரமாட்டார்கள். புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், ஏன் வேண்டும் என்று புதிதாக நிரூபிக்க வேண்டும். பயிரைப் பன்றி தின்கிறது என்ற காரணத்தைச் சொல்லி ரைபிள் கேட்டால், அதற்குத்தான் போர 12 இருக்கிறதே என்பார்கள். “முதலில் சாமானை வாங்கி வைப்போம், பத்திரத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். அனுமதி கையில் வந்த பிறகுதான் துவக்கு.

லண்டன் உறவினர் சொன்னது முழுப் பொய்யல்ல, பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். பிரிட்டனில் சொட்கனுக்கு ஒரு சான்றிதழ், ரைபிளுக்கு வேறொரு சான்றிதழ். 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி ரைபிள் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளத் தகுந்த காரணம் காட்டியாக வேண்டும். எந்த மிருகத்துக்கு, எந்த அளவுக் குண்டு, எந்தக் காணி என்று பொலிஸ் கேட்கும். புதிதாக எடுக்கிறவருக்கு, பொலிஸ் பொருத்தமென்று கண்ட காணியில் மட்டுமே சுடலாம் என்று நிபந்தனை எழுதுவதும் அங்கே வழக்கம். தனியார் காணி என்பதற்காகக் கண்ணை மூடிக்கொள்வதில்லை, காணியையே பரிசோதிக்கிறார்கள்.

“ரைபிள் குறி தப்பாது. அதனால் அதுதான் பாதுகாப்பு.”

எனக்கு மிகவும் பயமூட்டுகிற நம்பிக்கை இதுதான்.

போர 12 துவக்கின் ரவைகள் சிதறிப் போகும், சீக்கிரம் வேகம் இழக்கும். பன்றியை வீழ்த்த வேண்டுமானால் ஏறக்குறைய 40, 50 மீற்றருக்குள் நெருங்கியாக வேண்டும். ரைபிள் குண்டு அப்படியல்ல. சிறியதென்று சொல்லப்படும் .22 குண்டுகூட, தடுக்க எதுவும் இல்லாவிட்டால் ஒன்றரைக் கிலோமீற்றருக்கு மேல் போகும். பெரிய ரைபிள் குண்டு மூன்று கிலோமீற்றரையும் தாண்டும். குறி தப்பாவிட்டாலும் பன்றியின் உடலைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்த குண்டு பயணத்தை அங்கேயே நிறுத்துவதில்லை.

இப்போது நம் மலையை நினைத்துப் பாருங்கள். தேயிலைச் செடி இடுப்பளவு. செடிகளுக்கிடையே குனிந்து கொழுந்து எடுக்கிறவரைக் கீழிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. மேல்நோக்கிச் சுட்டால் குண்டு மலை விளிம்பைத் தாண்டி அந்தப் பக்கத்து லயத்துக்குப் போகும். கீழ்நோக்கிச் சுட்டால் கானில் கிடக்கும் கல்லில் பட்டுத் திசை மாறும். அப்புத்தளையிலோ தெமோதரையிலோ ஒரு மலைச்சரிவில் நின்று பாருங்கள். ஒரே பார்வைக்குள் பிள்ளை மடுவம், கோயில், வளைந்து வளைந்து போகும் ரோடு, பதுளை ரயில் பாதை எல்லாமே இருக்கும். அதற்கு மேல் மாலை நான்கு மணிக்கே இறங்கிவிடும் மூடுபனி. ரைபிளால் சுடத் தெரிந்தவர் முதலில் பார்ப்பது மிருகத்தையல்ல, அதற்குப் பின்னால் குண்டை விழுங்கிக்கொள்ள மண்மேடு இருக்கிறதா என்பதை. இரண்டு ஏக்கர் மரக்கறித் தோட்டத்தில் அப்படி ஒரு மேடு எத்தனை பேருக்கு இருக்கும்? காணியின் எல்லைக்கல் மனிதருக்குத்தான், குண்டுக்கு அது தெரியாது.

“தோட்டம் கம்பெனியின் சொந்தக் காணி. துரைக்கு லைசன் இருந்தால் வாச்சர் சுடலாம்.”

இரண்டுமே பிழை. 1972, 1975 காணிச் சீர்திருத்தச் சட்டங்களோடு பெருந்தோட்டங்கள் அரசின் கைக்குப் போயின. 1992இல் கம்பெனிகளுக்கு வந்தது நிர்வாகம்தான், பிறகு நீண்டகாலக் குத்தகை. நிலம் இன்றும் அரசுடையது. ஆகவே ‘தனியார் காணி’ என்ற வாதம் தோட்டத்துக்குள் தொடக்கத்திலேயே நிற்காது. அனுமதிப்பத்திரமும் பெயருள்ளவருக்குரியது. வாச்சரின் கையில் துவக்கைக் கொடுத்து ராக்காவலுக்கு அனுப்பி, நாளை ஏதாவது நடந்தால் கூண்டில் நிற்கப்போவது அந்த வாச்சர். துரை சொன்னார் என்பது அங்கே அவரைக் காப்பாற்றாது. இப்படி யாராவது துவக்கை நீட்டினால், பத்திரத்தில் என் பெயர் இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

இதில் இன்னொரு அநியாயமும் உண்டு. லயத்தில் இருப்பவருக்குப் பாத்தி இருக்கிறது, ஆனால் பெரும்பாலும் உறுதி இல்லை. ஆகவே பயிர்ப் பாதுகாப்புத் துவக்குக்கு ஆதாரம் காட்டுவதும் அவருக்கு மற்றவர்களைவிடக் கடினம். அவரிடம் இருப்பது பழைய சேலைகளைச் சுற்றிக் கட்டிய வேலி, தகரம், நாய்.

“வெள்ளைக்காரன் காலத்தில் எல்லாரும் சுட்டார்கள்தானே?”

சுட்டார்கள். பதுளையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த மேஜர் தோமஸ் ரொஜர்ஸ் ஆயிரத்து நானூறுக்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றதாகச் சொல்லப்படுகிறது. 1845 ஜூன் 7ஆம் திகதி அப்புத்தளையில் இடி விழுந்து செத்தார். அவரை நினைவுகூர்ந்து எழுந்த தேவாலயம்தான் பதுளை சென் மார்க்ஸ். அன்று யானையைக் கொன்றால் அரசே பணம் கொடுத்தது. அந்த முறை ஒழிந்து வெகுகாலம். இன்று 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. மரையையோ சிறுத்தையையோ உங்கள் பாத்திக்குள்ளேயே வந்தாலும் சுட முடியாது. ரொஜர்ஸின் காலத்தை யாரும் உரிமையாகக் காட்ட வேண்டாம். அது நம் மலைக்கு நடந்த அழிவு.

“குரங்கை எண்ணியாயிற்று. இனிச் சுடலாம்.”

2025 மார்ச் 15ஆம் திகதி காலை 8 மணி தொடங்கி ஐந்து நிமிடம், பயிரைச் சேதப்படுத்தும் பிராணிகளை நாடு முழுவதும் எண்ணச் சொன்னார்கள். அது கணக்கெடுப்பு மட்டுமே. எண்ணியதால் எந்த மிருகத்தின் சட்ட நிலையும் மாறவில்லை. அமைச்சர் மேடையில் சொல்வதும் சட்டமாகாது, வர்த்தமானியில் வந்தால்தான் கணக்கு.

“துவக்குத்தான் கூடாது. கம்பியும் கட்டுத்துவக்கும் பரவாயில்லை.”

கட்டுத்துவக்கு பன்றியின் உயரத்துக்குக் கட்டப்படுகிறது. மனிதருக்கு அது முழங்கால், தொடை. விறகுக்குப் போகிறவரும், குறுக்குப் பாதையில் வீட்டுக்கு வருகிறவரும் கால் சிதைந்து ஆஸ்பத்திரிக்கு வருவது இதனால்தான். வேலியில் இழுத்துவிடும் கரண்டு கம்பி, கட்டினவரின் பிள்ளையையே கொல்லும். சுருக்குக் கம்பிக்கோ எது பன்றி, எது சிறுத்தை என்று தெரியாது. 2020 மே மாதம் நல்லதண்ணி லக்சபான தோட்டத்தில் ஒரு கருஞ்சிறுத்தை அப்படித்தான் சிக்கியது. உயிரோடு மீட்டு உடவளவைக்குக் கொண்டுபோனார்கள். சில நாளில் செத்துப்போனது. கழுத்தில் கம்பி இறுகிய காயம்.

பன்றித் தொல்லை பொய்யென்று நான் சொல்லவில்லை. ஆனால் வீட்டுக்கொரு ரைபிள் அதற்கு மருந்தாகாது. கேரளத்தில் 2022 முதல் உள்ளாட்சித் தலைவரின் அனுமதியோடு, அனுமதிபெற்ற சுடுநர் காட்டுப்பன்றியைச் சுடும் ஏற்பாடு இருக்கிறது. தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் வந்த ஆணைப்படி, காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீற்றருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறையினர் சுடலாம், விவசாயி சுட முடியாது. பிரதேச சபை வழியாக, பயிற்சி பெற்ற சிலரைக் கொண்டு ஊவாவிலும் அப்படி ஒன்றைக் கேட்கலாம், கேட்க வேண்டும். உறுதி இல்லாத லயத்துப் பாத்திக்கும் அதில் இடம் இருக்க வேண்டும்.

“அப்பாவின் துவக்கு, இனி என்னுடையது.”

இல்லை. அனுமதிப்பத்திரம் வாரிசுக்குத் தானாக வராது. அது டிசம்பர் 31உடன் காலாவதியாகி வருடாவருடம் புதுப்பிக்க வேண்டியதும்கூட. புதுப்பிக்காத துவக்கு சட்டவிரோதத் துவக்கு. வீட்டில் ஒருவர் காலமாகி, அவருடைய துவக்கு அலுமாரியில் இருந்தால் முதலில் பொலிஸுக்குத் தகவல் கொடுங்கள். அவர்கள் சொல்கிறபடி பத்திரத்தோடு ஒப்படைத்து, இலக்கம் எழுதிய பற்றுச்சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் பெயரில் வேண்டுமானால் அந்தச் சீட்டோடு கச்சேரிக்குப் போய் விண்ணப்பிக்கலாம்.