மஞ்சளாகும் ஹெதர்

கேள்வி: மூன்று வருடங்களுக்கு முன் ஒரு செப்டம்பரில், ஊதாப் பூவோடு இருந்த ஹெதர் செடிகளை வாங்கி முன்வாசலில் நட்டேன். குழாய்த் தண்ணீர் விடுகிறேன், உரமும் வைக்கிறேன். ஆனாலும் இந்த வசந்தத்தில் தளிர்கள் மஞ்சளாகிவிட்டன. அடிப்பகுதி வெறும் குச்சி. ரோஜாவைப்போல ஒட்ட வெட்டிவிட்டால் தழையுமா?
– வாசகி, க்ராய்டன், லண்டன்

பதில்: தயவுசெய்து ஒட்ட வெட்டாதீர்கள். இலையில்லாத பழைய கட்டையிலிருந்து ஹெதர் பெரும்பாலும் துளிர்க்காது, செடியே போய்விடும்.

முதலில் ஒரு கிளையைக் கண்ணருகே வைத்துப் பாருங்கள். இலைகள் செதில் செதிலாகத் தண்டோடு ஒட்டி அடுக்கியிருந்தால் அது கலூனா. ஸ்காட்லாந்து மலைச்சரிவுகள் ஆகஸ்டில் ஊதாவாவது இதனால்தான். செப்டம்பரில் பூத்தது என்பதால் உங்களுடையதும் அதுவாகவே இருக்கும். கலூனா அமில மண்ணில் வளர்வது. சுண்ணாம்பு அதற்கு ஆகவே ஆகாது. க்ராய்டனின் பல இடங்களில் மண்ணுக்கடியில் சுண்ணாம்புப் பாறை, குழாயில் வருவதும் கடினநீர். மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் அதை எடுக்க முடியவில்லை, தளிர் வெளுக்கிறது. இதை உரம் தீர்க்காது. சத்தற்ற மண்ணில், வேரோடு கூடி வாழும் பூஞ்சையின் துணையால் பிழைக்கும் செடி இது. உரத்தை இன்றே நிறுத்துங்கள்.

செடிகளை வேர்மண் உதிராமல் தோண்டி, அடியில் ஓட்டையுள்ள அகலமான தொட்டிக்கு மாற்றுங்கள். அமிலச் செடிகளுக்கென்று விற்கும் எரிகேசியஸ் கம்போஸ்ட்தான் வேண்டும். பழைய மட்டத்தைவிட ஆழமாக, வெறுங்குச்சி முழுக்கப் புதையும்படி நடுங்கள். புதைந்த தண்டுகள் பதியம் போட்டதுபோல வேர்விடும். அடுத்த வருடம் அவற்றைத் தனித்தனியாகப் பிரித்தும் நடலாம். வெயில் நன்றாக விழும் இடம், கூரையிலிருந்து பிடித்த மழைத்தண்ணீர், இரண்டும் அவசியம். வேர்க்கட்டி ஒருமுறை காய்ந்துவிட்டால் மேலே ஊற்றும் தண்ணீர் உள்ளே இறங்காமல் ஓடிவிடும். அப்போது தொட்டியோடு வாளியில் இறக்கி, குமிழி அடங்கும்வரை ஊறவிடுங்கள்.

கவாத்துதான் நீங்கள் விட்டுவிட்ட வேலை. செடி புது மண்ணில் வேர்பிடித்த பிறகு, வருடந்தோறும் மார்ச் கடைசியில், காய்ந்த பூங்கொத்துக்குச் சற்றுக் கீழே, பச்சை இலை இருக்கும் பகுதியிலேயே கத்தரியுங்கள்.

காலியான முன்வாசலில் எரிகா கார்னியா நடலாம். குளிர்காலத்தில் பூக்கும், சுண்ணாம்பை ஓரளவு தாங்கும். அதிலே 'ஸ்பிரிங்வுட் ஒயிட்' நல்ல ரகம், தரையோடு படர்ந்து களையை அடக்கும். கடையில் பளிச்சென்ற நீலத்தில் ஹெதர் கண்ணில் பட்டால் வாங்காதீர்கள். அது சாயம் தெளித்தது.