நிழற்படத் தொழிலும் அதன் ஒழுங்கும்

நிழற்படம் எடுக்கக் கற்றோர் நம் மாணவருள் பலர். அதனைப் பிழைப்பாகக் கொள்ளுதற்குரிய ஒழுங்கைக் கற்றோர் மிகச் சிலரே. பிறர் நிலையத்திற் சம்பளத்துக்கு அமராது, தாமே தனித்து வேலை ஏற்போர், முதல் வினவல் தொடங்கி ஊதியம் கைக்கு வரும்வரை செய்யவேண்டுவன யாவை என்பதை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இத்தொழில் நம் நாட்டிற்குப் புதியதன்று. உதகமண்டலத்தில் படநிலையம் நடத்திய காப்டன் லயான் என்பார், 1867–68ஆம் ஆண்டுகளில் சென்னை அரசாங்கத்தார் வேண்ட, தென்னாட்டுப் பழங்கட்டடங்களைப் படம் எடுத்தார். அப்படங்களுக்குரிய விளக்கக் குறிப்புகள் 1870இல் நூலாக வெளிவந்தன. வேண்டுவோர், எடுப்போர், ஒப்படைக்கும் படம், அதனை விளக்கும் குறிப்பு என்னும் உறுப்புக்கள் அன்றே அமைந்திருந்தமை காண்க.

இனி, அவ்வுறுப்புக்களைத் திருவள்ளூர் மாவட்டத்தில் வைத்துக் காண்போம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ காக்களூர்த் தொழிற்பேட்டையிலோ உள்ள ஓர் இரும்பு வார்ப்பாலை, தன் இணையதளத்துக்குப் படம் வேண்டி, விலை யாது என வினவுவதாகக் கொள்வோம். உடனே விலை கூறுதல் தகாது. படம் எதற்கு, எத்தனை, எந்நாளுக்குள், முடிவு கூறும் அதிகாரி யார் என்னும் நான்கையும் முதலிற் கேட்டறிதல் வேண்டும். பின்னர் ஆலையை நேரிற் காண்டல் வேண்டும். கும்மிடிப்பூண்டிக்கு மின்சார ரயிலிற் சென்று வரும் செலவு சிறிது. காணாது கூறிய விலையால் வரும் நட்டம் பெரிது. உலைவாயின் ஒளி கண்ணைப் பறிக்க, அதனருகே இருள் மண்டிக் கிடக்கும். எந்த ஷிப்டில் உருக்கு ஊற்றுவர், எவ்விடத்தில் ஃபிளாஷ் விளக்கு கூடாது என்பன சென்றாலன்றி விளங்கா. டிரோன் கொண்டு படம் எடுப்பதாயின், 2021ஆம் ஆண்டின் விதிகள் வான்வெளியைப் பச்சை, மஞ்சள், சிவப்பு எனப் பகுத்திருத்தலின், அவ்விடம் எதனைச் சார்ந்தது என்பதையும் முன்னரே பார்த்தல் வேண்டும்.

அடுத்தது உடன்படிக்கை, இதுவே இத்தொழிலின் உயிர்நிலை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 17ஆம் பிரிவின்படி, ஒருவர் வேண்டப் பொருள் பெற்று எடுத்த நிழற்படத்தின் உரிமை, வேறு உடன்பாடு இல்லாவிடின், வேண்டியவரையே சாரும். வெயிலிலும் வெப்பத்திலும் நின்று எடுத்தவர், தம் படத்தைத் தாமே பிறர்க்குக் காட்டுதற்கும் இசைவு வேண்டி நிற்பர்! ஆதலின், படங்களின் தொகை, திருத்தம் எத்தனை முறை, முன்பணம், ஒப்படைக்கும் நாள், உரிமை யாருக்கு எவ்வளவு என்பவற்றை எழுதிக் கையொப்பம் பெற்ற பின்னரே காமிராவை எடுத்தல் நன்று.

படம் எடுக்கும் நாளில், முகம் தெரியும் தொழிலாளரிடம் இசைவு கேட்டல் நம் கடன். மேலாளர் இசைந்தார் என்பதால் தொழிலாளியும் இசைந்தார் ஆகார். வேற்று மாநிலத்தினின்று வந்தோராயின், அவர்தம் மொழி அறிந்த ஒருவரைக் கொண்டு கேட்பித்தல் வேண்டும். எடுத்த படங்களை அன்றிரவே இருவேறு இடங்களிற் படியெடுத்து வைத்தலும் தவறலாகாது.

ஒப்படைக்குங்கால், ஒவ்வொரு படத்துக்கும் இடம், நாள், செய்தொழில் ஆகியவற்றைக் குறித்தே அளிக்க. குறிப்பில்லாப் படம் சில ஆண்டுகளில் ஊமையாகிவிடும். பெற்றுக்கொண்டமைக்கு எழுத்துச் சான்றும் வாங்குக. உத்யம் பதிவு பெற்ற சிறுதொழிலர்க்கு, 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் அரணாக உள்ளது. எழுத்து உடன்பாட்டிற் குறித்த தவணை, ஏற்ற நாளிலிருந்து 45 நாட்களுக்கு மேற்படலாகாது; தவறின் வட்டியும் உண்டு. அந்நாளை மெய்ப்பிக்கும் சான்று இல்லாவிடின் அரண் இருந்தும் பயனில்லை.

நண்பர்காள்! கேட்கவேண்டியதைக் கேட்டலும் எழுதவேண்டியதை எழுதலும் கலைஞர்க்கு இழுக்கல்ல. ஊதியம் கிடைத்தாலன்றிக் கலையும் நெடுநாள் நில்லாது. கண்ணுக்கும் கைக்கும் தரும் பயிற்சியைச் சொல்லுக்கும் தருவோமாக.