பம்பை மாற்றுமுன் ஹோஸைப் பாருங்கள்

கேள்வி: வடசேரியிலிருந்து திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவுக்குக் காய்கறி ஏற்றும் என் பழைய டாடா 407, காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறது, ஏற்றத்தில் திணறுகிறது. டீசல் பம்பை மாற்றிவிடலாமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: அவசரப்படாதீர்கள். டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரை டீசல் உறிஞ்சப்பட்டுத்தான் வருகிறது. அந்த ஹோஸில் மயிரிழை வெடிப்பு இருந்தால், வண்டி ஓடும்போது டீசல் சொட்டாது. காற்றுதான் உள்ளே போகும். அதனால்தான் பலர் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. ஃபில்டர் மேலுள்ள ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்திக் கைப்பம்பை அடியுங்கள். நுரை நிற்கவே இல்லையென்றால் ஹோஸ்களையும் செம்பு வாஷர்களையும் புதிதாகப் போடுங்கள். பழைய வாஷரை மறுபடி போடவே வேண்டாம். ஃபில்டரையும் மாற்றுங்கள். பிறகும் திணறினால் ஃபீட் பம்ப். செலவு மிகுந்த இன்ஜெக்ஷன் பம்பில் கடைசியாகக் கைவையுங்கள்.